ஆகாய விமானத்துக்கு அழுக்குப் பூசினோம்

ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மூன்று வாரம் வர்ணம் பூசி, பளபளவென்று மெருகேற்றி, கடைசியில் அதன் மேல் கரியையும் புழுதியையும் அப்புகிறவர்களை நேயர்கள் என்னவென்று அழைப்பார்கள்? நம் வீட்டு அம்மாள் அழைத்த பெயரை இங்கே அச்சிடுவதற்கில்லை. ஆனால் இந்தக் காரியத்தைத்தான் நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேருடன் சேர்ந்து சனிக்கிழமை தோறும் பிற்பகலில் செய்து வந்தோம்.

சுதந்திர தினத்தை ஒட்டிப் பள்ளியில் ஒரு சரித்திரக் கண்காட்சி. வழக்கம் போல் அட்டையில் வெட்டிய செங்கோட்டையும், பஞ்சு ஒட்டிய இமயமலையும் வரும் என்று எதிர்பார்த்தோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், ஒரு நிஜமான யுத்த விமானம் செய்யலாமா?" என்றான். பார்த்தால், தபாலில் வரவழைக்கக்கூடிய பிளாஸ்டிக் விமானம்! உறுப்புகள் எல்லாம் ஒரு சட்டத்தில் காய்க் கொத்துப் போல் தொங்கிக்கொண்டு ஒரு பெட்டியில் வரும். அவற்றை வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி முடித்தால், உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு பிரதி கிடைக்கும். அதாவது விமானத்தின் ஆறு அடி, நம் கையில் ஓர் அங்குலம்.

இந்த எழுபத்திரண்டு என்ற கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1936-இல் இங்கிலாந்தில் 'பிராக்' என்ற பெயருடன் வந்த விமானப் பொம்மைகள் இந்த அளவில்தான் இருந்தன. யுத்தம் வந்ததும் பொம்மைக்கு உத்தியோகம் கிடைத்தது. வானத்தில் தெரிவது நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடியில் சொல்லிப் பழகுவதற்காக, 1942-இல் அமெரிக்கக் கடற்படை அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையே ஐந்து லட்சம் மர மாதிரிகள் செய்து தரும்படி கேட்டுக்கொண்டது. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்குதான். 1953-இல் 'ஏர்பிக்ஸ்' கம்பெனியார் ஸ்பிட்பயர் விமானத்தை இதே அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கிய பிறகு, இது உலகமெங்கும் பையன்களுடைய பொழுதுபோக்காகி, அந்தப் பையன்கள் தாத்தாக்களான பின்னும் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எந்த விமானம் செய்வது என்பதில் நமக்குச் சந்தேகமே எழவில்லை. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பர்மாவைப் பற்றிப் புஸ்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்தால் தூண், குனிந்தால் நிலைப்படி, எல்லாம் பர்மாத் தேக்கு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பல் கிடைக்காத இந்தியர்கள் லட்சக் கணக்கில் கால்நடையாகவே காடும் மலையும் கடந்து வந்தார்கள். அவர்கள் வந்த வழிகளில் ஒன்று மணிப்பூர் வழி. அதே மணிப்பூரில், இம்பாலில், 1944 மார்ச் முதல் ஜூலை வரை மகா பயங்கரமான போர் நடந்தது. அங்கே ஹரிகேன் விமானங்களில் பறந்தது இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்க்வாட்ரன். அதன் தலைவர் அர்ஜன் சிங். மவுண்ட்பாட்டன் 1944 ஜூனில் யுத்தகளத்துக்கே வந்து அவர் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். பிற்காலத்தில், 1965 யுத்தத்தின்போது, விமானப் படைக்கே தலைமை வகித்தவரும் இவர்தான். இம்பாலுக்கு இவ்வளவு தூரம் போவானேன்? செட்டிநாட்டிலேயே அந்த யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்த பிறகு அது கைவிடப்பட்டது. ஆகவே ஹரிகேன் என்று முடிவாயிற்று.

ஹரிகேனின் இறக்கை நுனிக்கு நுனி நாற்பது அடி. நம் மாதிரியில் அது பதினேழு சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

ஒட்டும் வேலையைப் பற்றி விஸ்தரிக்கப் போவதில்லை. ஒரு சக்கரம் இரண்டு நாள் காணாமற் போயிற்று. ஒரு பையனின் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சிறிது நேரம் பிரிய மறுத்தன. வர்ணம் பூசுவதில்தான் சங்கதி இருக்கிறது.

பிளாஸ்டிக்கை அச்சிலிருந்து எளிதில் கழற்றுவதற்காக ஏதோ எண்ணெய்ப் பசையைத் தடவுகிறார்கள். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும் வர்ணம் பிடிக்காது. அதனால்தான் அந்தச் சோப்புத் தண்ணீர் ஸ்நானம். பிறகு சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு. அதன் மேல் வர்ணம். பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்த தவறு ஒன்றே: ஒரே பூச்சில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். வர்ணம் கெட்டியாக விழுந்து, தகடுகளின் இணைப்புக் கோடுகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டது. தின்னர் வைத்துத் துடைத்தோம். மறுநாள் அவர்களை நம் தெருவிலுள்ள பழைய வீடு ஒன்றுக்கு அழைத்துப் போய், சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னோம். முட்டை வெள்ளைக் கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. பல தலைமுறை கழிந்தும் முகம் தெரிகிற வழவழப்பு. "இதை எத்தனை தடவை பூசியிருப்பார்கள்?" என்று கேட்டோம். ஒவ்வொரு பூச்சும் மெல்லியது. ஒன்று பதத்துக்கு வந்த பிறகே அடுத்தது. அதற்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கொஞ்சம் குறைவாக அவசரப்பட்டார்கள்.

அடிப்பக்கம் சாம்பல், மேற்பக்கம் மண் நிறமும் கரும்பச்சையும், மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குக் காடும் தரையும் போலத் தோன்றுவதற்காக. வெளிர் நிறத்தை முதலில் பூச வேண்டும். டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு கரிய நிறத்தைப் பின்னால் பூச வேண்டும். இங்கே இன்னொரு நுட்பம். உண்மை விமானத்தின் வர்ணத்தையே அச்சாக மாதிரிக்குப் பூசினால் அது இருண்டு தெரியும். அருகே போனால் பச்சையாக இருக்கும் பிரான்மலை, தூரத்திலிருந்து வெளுத்த நீலமாகத் தெரிகிறதல்லவா? சாண் அளவு விமானத்தைப் பார்ப்பதும் தூரத்திலிருந்து பெரிய விமானத்தைப் பார்ப்பதற்குச் சமானம். ஆகவே பச்சையில் இரண்டு சொட்டு வெள்ளை.

அடுத்தது டிகால். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படந்தான் அது. இறக்கையில் வட்டச் சின்னம், வாலில் பட்டை, பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும். காகிதத்தோடு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைத்து எடுத்துக் காத்திருந்தால், படம் தானே காகிதத்தை விட்டு நழுவும். சாமணத்தால் பிடித்து, இடம் பார்த்துத் தள்ளி, பஞ்சால் ஒற்ற வேண்டும். நம் குழுவில் ஒரு பையன், பேச்சு குறைவு, கை நடுங்காது. அவனிடம் இந்த வேலையை ஒப்படைத்தோம். அவன் ஒட்டி முடித்தபோது ஆறு பேரும் கைதட்டினார்கள். காய்ந்த பிறகு பார்த்தால், படங்களைச் சுற்றி மீன் செதில் போல் ஒரு வெள்ளி மினுமினுப்பு! மங்கலான வர்ணத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாதபடி சொரசொரப்பாக இருக்கும். படத்துக்கு அடியில் காற்று அகப்பட்டுக்கொண்டு இப்படி மின்னும். முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி வழவழப்பாக்கிக்கொண்டு, அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டும். இதை நாம் படித்துத்தான் இருந்தோம். படித்ததெல்லாம் சமயத்தில் ஞாபகம் வந்தால் நாம் ஏன் இன்னும் உபாத்தியாயராக இருக்கிறோம்?

ஆனால் இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்திருந்தோம். அதைக் கண்டுபிடித்தவர், குழுவிலிருந்த பெண் ஒருத்தியின் தாத்தா. விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியை அழைத்துப் போக வந்தவர், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஸார், இது எந்த ஊரில் பறக்கிறது?"

"இம்பாலில்."

"இந்தச் சிவப்புப் பொட்டோடு இம்பாலில் பறந்தால், எதிரி சுட வேண்டிய அவசியமில்லை. நம்மவர்களே சுட்டுத் தள்ளிவிடுவார்கள்."

விஷயம் இதுதான். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு உண்டு. ஜப்பானியரின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம், உதய சூரியன். சீறிப் பாயும் விமானத்தில் சிவப்பு ஒரு கணம் கண்ணில் பட்டால், கீழே பீரங்கியோடு நிற்பவன் சுற்றிலும் நீலம் இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பானா? அதனால் கிழக்கு முனையில் நடுச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீல வட்டத்துக்குள் வெளிர் நீலம், அவ்வளவுதான். அமெரிக்கர்களும் இதே காரணத்துக்காக 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். நம் பெட்டியில் வந்த படங்களோ ஐரோப்பாவில் பறந்த பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரனுக்கானவை.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. "யாருக்குத் தெரியப் போகிறது, ஸார்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. தாத்தா ஒருவரைத் தவிரக் காரைக்குடியில் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் நமக்குத் தெரிந்துவிட்டதே! ஈரப் பஞ்சால் ஊறவைத்து, ஒட்டு நாடாவால் உரித்து, எல்லாவற்றையும் எடுத்தோம். சில இடங்களில் பச்சை வர்ணமும் கூடவே வந்தது. சின்னங்களைக் கையாலேயே வரைவது என்று தீர்மானித்து, மாஸ்கிங் டேப்பில் காம்பஸால் வட்டம் வெட்டினோம். வெளிர் நீலத்தை எந்தப் பெட்டியிலும் காணோம். மார்கழி மாதத்தில் வாசலில் கலர்க் கோலம் போட்டுப் பழகிய அந்தப் பெண், நீலத்தில் வெள்ளையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அதைக் கலந்து கொடுத்தாள்.

இப்படி வட்டம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளைகள் சின்னத்தின் கதை முழுவதையும் கேட்டார்கள். இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி பிறந்தது. பிறந்ததிலிருந்து இறக்கையில் இருந்தது ஆண்டவனுடைய சின்னம். ஆண்டவன் என்றால் மேலே இருப்பவன் அல்ல, லண்டனில் இருந்து நம்மை ஆண்டவன். ஜப்பானியர் தயவால் அதன் நடுச் சிவப்பு போயிற்று. விடுதலைக்குப் பிறகு சில காலம் அசோகச் சக்கரம் வந்து அமர்ந்தது. 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது காவி, வெள்ளை, பச்சை வட்டம் வந்தது. அதுதான் இன்று வரை நம் விமானங்களில் இருக்கிறது. "அப்படியானால் நாம் சக்கரமே போட்டுவிடலாமே, ஸார்! அழகாகவும் இருக்கும்" என்றாள் ஒரு பெண். ஆசை நமக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் 1944-இல் இம்பாலில் சக்கரம் இல்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சுக் குறைந்த பையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "ஸார், நேதாஜி படையும் இம்பாலில்தானே சண்டை போட்டது?"

"ஆமாம்."

"அப்படியென்றால் இந்த விமானம் அவர்களையும் சுட்டிருக்குமா?"

அவனுடைய கொள்ளுத்தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மனைவி பிரசவத்துக்காகக் கிராமத்துக்கு வந்திருந்தாள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதும் கடிதம் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான், அவர் நேதாஜி படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனதே தெரிந்தது. அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. பிறந்த மகனை அவர் பார்க்கவேயில்லை. இவ்வளவையும் பையன் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தான்.

நாம் இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கிறோம். இம்பால் என்றால் கரும்பலகையில் ஒரு தேதி, மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14-இல் ஏற்றப்பட்ட கொடி, ஐந்து மார்க் வினா. மேலே பறந்தவனும் இந்தியன், கீழே பதுங்கியவனும் இந்தியன் என்பதைப் பரீட்சை வினாத்தாளில் எங்கே வைப்பது என்று நமக்கு இது வரை தோன்றவில்லை. என்ன பதில் சொல்லுவது? "சுட்டிருக்கலாம். அந்த மலைச் சாலைகளை வேவு பார்ப்பதும், தென்பட்ட படையைச் சுடுவதும் இந்த விமானங்களின் வேலை. காய்ச்சலாலும் பசியாலும் இறந்தவர்களும் ஏராளம். உன் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன நேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது" என்றோம். வேண்டுமானால் அவன் இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னோம். அவன் சற்று நேரம் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கத்தியை எடுத்து மிச்ச வட்டத்தை வெட்டினான்.

சின்னம் காய்ந்து, பளபளப்பு வார்னிஷும் ஏறிய பிறகு விமானம் கடையில் வைத்த புதுப் பாத்திரம் போல் இருந்தது. இனித்தான் அழுக்கு.

அழுக்குப் பூசுவது எளிது என்று நினைக்கிறவர்கள் செய்து பார்க்கட்டும். முதல் முயற்சியாக ஒரு பழைய பொம்மையில் பழகச் சொன்னோம். ஆளுக்கொரு பக்கம் வெள்ளி வர்ணத்தைத் தெளித்துவிட்டு, "வர்ணம் உரிந்திருக்கிறது, ஸார்" என்றார்கள். அது யுத்தத்துக்குப் போன விமானம் போல் இல்லை. அம்மை வார்த்த விமானம் போல் இருந்தது. மறுபடியும் பழைய வீட்டுக்கே அழைத்துப் போனோம். முகப்புக் கதவில் கனத்த பித்தளை வளையம். அது ஆடி ஆடித் தேக்குப் பலகையில் பிறை போல் ஒரு வடு. நிலைப்படியின் நடுவே மட்டும் பள்ளம்; ஓரங்கள் புதிது போல். தூணில் கை வைக்கும் உயரத்தில் மட்டும் எண்ணெய் மினுக்கு. கைபடாத இடத்தில் மரம் அப்படியே இருக்கிறது. இவ்வளவையும் கண்டு சொன்னவன் அந்தப் பையன்தான்.

அதன் பிறகு ஹரிகேனின் மேல் யார் கால் எங்கே படும் என்று விசாரித்தோம். விமானி இடப்பக்கம்தான் ஏறுவான். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்து உலோகம் தெரியலாம். இயந்திரத்தின் மூடிகளைத் தினமும் கழற்றி மாட்டுவார்கள். அவற்றின் விளிம்புகளில் சிறு சிறு கீறல்கள். ஆனால் விமானியின் ஆசனத்துக்குப் பின்னால் உடல் முழுவதும் உலோகமே அல்ல. சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி மருந்து பூசிய துணி! அங்கே வெள்ளிக் கீறல் போட்டால் சிரிப்புக்கு இடமாகும். துணி கிழியும், ஒட்டுப் போடுவார்கள். வெள்ளி எங்கிருந்து வரும்? ஒரு பையன் ஏற்கெனவே அங்கே ஒரு கீறல் போட்டுவிட்டான். அதைச் சதுரமான பச்சை ஒட்டாக மாற்றிவிட்டோம். கண்காட்சியில் எல்லோரும் மெச்சியது அந்த ஒட்டைத்தான்.

கரிய எண்ணெய் வர்ணத்தை மிகவும் நீர்க்க வைத்து இணைப்புக் கோடுகளில் ஓடவிட்டு, மிச்சத்தைக் காற்று அடிக்கும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்தோம். புழுதிக்குப் பள்ளி மைதானத்துச் செம்மண்ணைச் சலித்துப் போட்டுப் பார்த்தோம். எழுபத்திரண்டு மடங்குக் கணக்கில் ஒவ்வொரு மணலும் பாறாங்கல்லாகத் தெரிந்தது! அதை விட்டுவிட்டு வர்ணச் சாக்குக் கட்டியை அரைத்து உபயோகித்தோம். புகைபோக்கிகளுக்குப் பின்னால் படியும் புகைக்கு அடுப்புக்கரித் தூளும் வெள்ளைச் சாக்குத் தூளும் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்னோக்கி இழுக்க வேண்டும். அதைப் பையனே செய்தான். கொஞ்சம் பூசிவிட்டு, எட்ட நின்று பார்த்து, மறுபடி கொஞ்சம். எங்கே நிறுத்துவது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது தெரியாது. நாம் செய்திருந்தால் விமானம் இட்டிலிப் பானை மாதிரி ஆகியிருக்கும்.

இதன் மேல் மங்கல் வார்னிஷ் பூசினால்தான் தூள் நிலைக்கும். வார்னிஷ் தீர்ந்துவிட்டது. மதுரையிலிருந்து வருவதற்குள் கண்காட்சி வந்துவிட்டது.

காலையில் பையன் ஒரு சிறு படத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். வெள்ளை வேஷ்டி, கோட்டு, ஒரு நாற்காலியின் முதுகில் கை. பினாங்கில் எடுத்த படம் என்று வீட்டில் சொல்வார்களாம். "இதையும் அதே மேஜையில் வைக்கலாமா, ஸார்?" என்று கேட்டான். விமானத்தின் அட்டையில் 'இந்திய விமானப் படை, முதலாவது ஸ்க்வாட்ரன், இம்பால், 1944' என்று எழுதியிருந்தோம். படத்தின் அடியில் என்ன எழுதுவது என்று அவனையே கேட்டோம். ஊரின் பெயரை எழுதி, கமா போட்டு, 'மலாயா, பர்மா' என்று எழுதினான். வருஷம் எழுதவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் விமானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் படத்தையும் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற மெக்கானிக் தாத்தா இரண்டையும் பார்த்தார். முதலில் சின்னத்தைத்தான் சரி பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், மேஜை மேல் விமானம் பளிச்சென்று இருந்தது. புகையும் இல்லை, புழுதியும் இல்லை. பள்ளியைப் பெருக்க வரும் அம்மாள் பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழுக்கு, ஸார்! பிள்ளைகள் கை பட்டுப் பட்டு வீணாய்ப் போயிருந்தது. ஈரத் துணி போட்டு நன்றாகத் துடைத்துவிட்டேன்."

நாம் ஒன்றும் சொல்லவில்லை. பையன் மட்டும் சிரித்தான். அவன் சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை. வருகிற சனிக்கிழமை அடுப்புக்கரி கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வார்னிஷ் வந்துவிட்டது.